5 ஏக்கர் மலிவு நிலம்: சான் லூயிஸ் பள்ளத்தாக்குக்கு வரும் முன்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கம் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆவதற்குள் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு நில விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டுவிடும். ஐந்து ஏக்கர், சில ஆயிரம் டாலர், மாதத் தவணை, கிரெடிட் ஸ்கோர் பார்க்க மாட்டோம், படத்தில் பின்னால் பனி மூடிய பிளாங்கா மலை. நம் ஊர்க் கணக்கில் 500 சென்ட். சென்னைக் கணக்கில் 90 கிரவுண்டு. அரை கிரவுண்டு மனைக்கு இருபது வருடம் தவணை கட்டிய குடும்பத்திலிருந்து வந்தவன் நான், எனக்குத் தலை சுற்றாமல் இருக்குமா? வாங்கிவிட்டேன். இப்போது நான்காவது குளிர்காலம் ஓடுகிறது. நிலத்துக்குக் கொடுத்த பணம்தான் இதில் இருப்பதிலேயே சின்னச் செலவு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. தண்ணீர் எங்கிருந்து வரும், வண்டி எந்த வழியாக வரும், இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டென்வரிலிருந்து தெற்கே ஐ-25இல் வால்சன்பர்க் வரை, அங்கிருந்து மேற்கே 160ஆம் நெடுஞ்சாலையில் 9,413 அடி உயர லா வேட்டா கணவாயை ஏறி இறங்கினால் ஃபோர்ட் கார்லண்ட், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இந்தப் பக்கமெல்லாம் காஸ்டில்லா கவுண்டி, கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல. பெயர்தான் பள்ளத்தாக்கு, தரையே 7,500 அடிக்கு மேல், ஊட்டியைவிட உயரம். ஆனால் ஊட்டி மழையை எதிர்பார்த்து வராதீர்கள். பக்கத்து அலமோசாவில் வருடம் முழுக்கச் சேர்த்தே 7 அங்குலம்தான், சென்னையில் ஒரு ஐப்பசி கார்த்திகைப் புயல் இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு.

ஏன் இவ்வளவு மலிவு? பெரிய மாட்டுப் பண்ணைகளை 1970களில் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தப் பக்கமே வந்திராதவர்களுக்குத் தபாலில் விற்றார்கள். ஃபோர்ப்ஸ் பத்திரிகை முதலாளி மால்கம் ஃபோர்ப்ஸ்கூட 1969இல் இங்கே டிரின்செரா பண்ணையை வாங்கி ஒரு பகுதியை மனை போட்டு விற்றவர்தான். அந்த மனைகள்தான் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வரைபடத்தில் தெருப் பெயரெல்லாம் அழகாக இருக்கும். நேரில் போனால் சீக்கோ புதரும் மணலும். என் மனைக்கு வரைபடம் காட்டிய சாலை, உண்மையில் மாடுகள் நடந்து உண்டான ஒற்றையடித் தடம்.

அதை நான் எப்போது கண்டுபிடித்தேன் தெரியுமா, மார்ச் மாதத்தில். முதலில் பார்க்க வந்தது செப்டம்பர், தரை கல் மாதிரி இருந்தது, கார் ஜம்மென்று போனது. மார்ச்சில் பனி உருகி மேல்மண் சேறாகி, அடியில் இன்னும் உறைந்து கிடக்க, நான்கு சக்கரமும் அச்சு வரை இறங்கிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. இரண்டு மைல் நடந்து ஒரு பண்ணைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். டிராக்டரில் வந்து இழுத்துவிட்டவர் காசு வாங்கவில்லை. ஆகவே நிலம் பார்க்க வருவதென்றால் ஜனவரியில் ஒரு முறை, மார்ச்சில் ஒரு முறை வாருங்கள். கவுண்டி எந்தெந்தச் சாலையில் பனி தள்ளும், எதில் தள்ளாது என்பதை விற்கிறவரிடம் கேட்காமல் கவுண்டியின் சாலைத் துறையிடம் கேளுங்கள். மனைக்குப் போக சட்டப்படி வழி உண்டா என்பதும் தனிக் கேள்வி, பக்கத்து நிலத்துக்காரர் இன்று விடுகிறார் என்பது வழியாகாது.

சரி, தண்ணீர். நம் ஊரில் நிலம் நம்முடையது என்றால் போர் போடுவதும் நம் இஷ்டம் என்ற நினைப்பிலேயே வளர்ந்திருக்கிறோம். கொலராடோவில் நிலம் வேறு, தண்ணீர் வேறு. முதலில் யார் எடுத்துப் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கே முதல் உரிமை, பின்னால் வந்தவர் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். இந்த மாநிலத்தின் மிகப் பழைய நீருரிமையே இங்கே சான் லூயிஸ் ஊரில், 1852ஆம் ஆண்டு வெட்டிய வாய்க்காலுக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு ரியோ கிராண்டே ஆற்று நீரை நியூ மெக்சிகோவுக்கும் டெக்சாசுக்கும் பங்கு வைக்கும் 1938 ஒப்பந்தம். காவிரிப் பிரச்சினை பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இதனால் உங்களுக்கு என்ன? 35 ஏக்கருக்குக் கீழே உள்ள மனைக்குக் கிணற்று அனுமதி கிடைத்தாலும் பெரும்பாலும் வீட்டுக்குள் பயன்படுத்த மட்டும்தான். கத்தரிச் செடிக்கு ஊற்றக் கூடாது, ஆட்டுக்கு வைக்கக் கூடாது. 35 ஏக்கரும் அதற்கு மேலும் என்றால்தான் வழக்கமாகத் தோட்டம், கால்நடை எல்லாம். மழைநீர்த் தொட்டிகூட 2016 சட்டப்படி வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், அவ்வளவுதான். மனையின் பார்சல் எண்ணை (நம் ஊர் சர்வே எண் போல) எடுத்துக்கொண்டு அலமோசாவில் உள்ள மாநில நீர்வளத் துறை அலுவலகத்தில் கேட்டால் உங்கள் மனைக்கு என்ன அனுமதி கிடைக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

கிணறு போட்டால் நிலத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும், அதனால் என்னைப் போன்றவர்கள் தண்ணீரை வண்டியில் கொண்டுவருகிறோம். 275 கேலன் பிடிக்கும் அந்தக் கம்பிக்கூடு போட்ட வெள்ளைத் தொட்டி பார்க்கச் சாதுவாக இருக்கும். நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல். சாதாரண பிக்கப் டிரக்கில் முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பிய அன்று பின்பக்கம் தொங்கி, முன் சக்கரத்துக்குத் தரை பிடிக்காமல், ஸ்டீயரிங் லேசாக மிதக்கிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது பாதி நிரப்பி இரண்டு நடை போகிறேன். குளிர்காலத்தில் தொட்டியின் வால்வு முதலில் உறையும், அதை உடைக்காமல் வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றுங்கள். செப்டிக் எனும் கழிவுநீர்த் தொட்டியும் அனுமதியும் இல்லாமல் ஆர்.வி. எனும் வீட்டு வண்டியை நிறுத்திக் குடியேறிவிடலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், கவுண்டியிலிருந்து வருவார்கள்.

பத்திரம். ஊரில் வில்லங்கம் பார்க்காமல் வாங்குவோமா? இங்கே மட்டும் ஏனோ ஆன்லைனில் பணத்தை அனுப்பிவிடுகிறோம். ‘குவிட் கிளெய்ம்’ பத்திரம் என்றால், எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை உனக்குத் தருகிறேன் என்று மட்டும்தான் பொருள், உரிமை இருக்கிறது என்று அவர் உத்தரவாதம் தரவில்லை. ‘வாரண்டி’ பத்திரம் கேளுங்கள், வில்லங்கம் பார்த்துத் தரும் டைட்டில் கம்பெனி வழியாகப் போங்கள். எனக்கு விற்றவர், பெயர் வேண்டாம், இரண்டு வருட வரி பாக்கியைச் சொல்லாமல் கைமாற்றிவிட்டார், கட்டியது நான். கவுண்டி கருவூலத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். தவணைத் திட்டத்தில் கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் பெரும்பாலும் விற்றவர் பெயரிலேயே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் நிலம் வாங்குவதில் தடையில்லை. ஆனால் இங்கே குடிவந்து வீட்டிலிருந்தே வேலை செய்வேன் என்றால், டென்வர் முகவரிக்குப் போட்ட விசா மனுவைக் கம்பெனி திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீலிடம் கேட்காமல் இடம் மாறாதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் மூட்டை கட்டினேன்.

குளிர் பற்றி எவ்வளவு சொன்னாலும் வந்து பார்த்தால்தான் உறைக்கும். ஜனவரி இரவுகளில் சராசரியே மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் பக்கம். சோலார் போடுகிறவர்கள் கவனிக்க: லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும், அதை வீட்டுக்குள் வையுங்கள். எலிப் புழுக்கை கண்டால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். மான் எலி வழியாக ஹண்டா வைரஸ் பரவும், உயிரை எடுக்கும் நோய் அது. கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, பிளீச் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கையுறை போட்டு ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

சமையலில் பிரஷர் குக்கர் இல்லாமல் வராதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு இரண்டு மணி நேரம் குதித்துக்கொண்டே இருக்கும், வேகாது. இட்லி மாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றை வைத்து மூடினால் காலையில் பொங்கியிருக்கும். ஐஸ் பெட்டியை வைத்துச் சூடு காக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னால் நம்பவில்லை.

அக்கம்பக்கத்தாரைப் பற்றி ஒன்று. சான் லூயிஸ் 1851இல் உருவான ஊர், கொலராடோவிலேயே பழையது, ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் வாய்க்காலை ‘அசெக்கியா’ என்பார்கள். வசந்தத்தில் எல்லோரும் மண்வெட்டியோடு வந்து தூர்வாருவது அப்படியே நம் குடிமராமத்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் ‘மயோர்தோமோ’ நம் நீர்க்கட்டியேதான். தூர்வாரும் நாளில் போய் நில்லுங்கள், கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் ஊரில் யாரும் உங்களைப் புது ஆளாகப் பார்க்க மாட்டார்கள். மேய்ச்சல் மாடு உங்கள் நிலத்துக்குள் வந்தால் மட்டும் அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்த மாநிலச் சட்டப்படி மாடு வரக்கூடாது என்றால் வேலி போட வேண்டியது நீங்கள்தான்.

வரும்போது மண்வாரி, கயிறு, கூடுதல் டயர் இரண்டு, குடிதண்ணீர் வையுங்கள், ஃபோர்ட் கார்லண்டிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள். செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ. நம்ம ஊர் நெருஞ்சி முள் கொலராடோ அரசின் களைப் பட்டியலில் இருக்கிறது.