படத்துக்குள் எழுத்து: பார்வை குறைந்தவர்களுக்காகத் தவிர்க்க வேண்டியவை

தேர்வு அறிவிப்பு, மருத்துவ முகாம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என எதுவானாலும் ஒரு போஸ்டராக வடிவமைத்து, அதை அப்படியே இணையதளத்தில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஓரளவே பார்வை உள்ளவர்களுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணினித் திரையில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது பெரிய தவறு. 1080 பிக்சல் அகலப் படத்தில் 24 பிக்சல் எழுத்து வடிவமைப்பவருக்குத் தெளிவாகவே தெரியும். அதே படம், 360 பிக்சல் அகலமாகக் கணக்கிடப்படும் போன் திரையில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். எழுத்து 8 பிக்சல்தான். போன் அமைப்பில் எழுத்தளவை எவ்வளவு கூட்டியிருந்தாலும் படத்துக்குள் இருக்கும் எழுத்து அசையாது. விரல்களால் விரித்தால் பெரிதாகும், கூடவே கலங்கும். வரியின் முடிவு திரைக்கு வெளியே போய்விடுவதால், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பக்கத்திலேயே தட்டச்சு செய்த எழுத்தாக இருந்தால், பெரிதாக்கும்போது வரி தானாக மடங்கிக்கொள்ளும்.

ஜேபெக் படத்தின் கோப்பளவை அதிகமாகச் சுருக்குவதும் தமிழுக்குக் கேடு. மெய்யெழுத்தின் புள்ளி பின்னணியில் கரைந்துவிடும். ன, ண இரண்டின் சுழிகளும் ஒன்றுபோல் தெரியும். தேதியில் 3 எது, 8 எது என்று தடுமாறினால் ஒருவருக்கு விண்ணப்பமே போய்விடலாம்.

படத்தில் உள்ளதைச் சொல்லும், பக்கத்தின் நிரலில் மறைந்திருக்கும் 'ஆல்ட்' விவரம் கொடுத்துவிட்டோம், போதும் என்பார்கள். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு அது அவசியம்தான். ஆனால் பார்வை குறைந்த பலர் கண்ணால்தான் படிக்கிறார்கள். ஆல்ட் அவர்கள் திரையில் தெரிவதே இல்லை. படத்தில் உள்ள தேதி, இடம், கட்டணம் எல்லாம் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சர்வதேச அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியும், எழுத்தாகவே தர முடிந்த இடத்தில் எழுத்தின் படத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. லோகோ போல, அந்த வடிவமே அவசியமான இடங்களுக்கு விலக்கு உண்டு.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்க வேண்டிய ஒளிர்வு வேறுபாட்டுக்கு அதே வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்ச அளவு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் தேறும், அதைவிட வெளிறிய #999999 தேறாது. புகைப்படத்தின் மேலேயே எழுதினால் வானம் வரும் இடத்தில் பாதி வார்த்தை மறையும். எழுத்துக்குப் பின்னால் அழுத்தமான ஒரே நிறப் பட்டை போடுங்கள்.

கண் கூசுவதால் டார்க் மோடில் படிப்பவர்களையும் மறக்கக் கூடாது. பின்னணி இல்லாத பிஎன்ஜி வகைப் படத்தில் கருப்பு எழுத்து இருந்தால், கருப்புப் பக்கத்தில் அது காணாமலே போய்விடும்.

வரைபடம், விளக்கப்படம் போன்றவற்றில் எழுத்தைத் தவிர்க்க முடியாது. அவற்றை, புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் சேமிக்கும் எஸ்விஜி வகைப் படமாகக் கொடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கலங்காது. பக்கத்தின் நிரலில், திரைக்கேற்ற அளவைச் சொல்லும் வியூபோர்ட் வரியில் 'யூசர்-ஸ்கேலபிள்=நோ' (user-scalable=no) இருந்தால் உடனே நீக்குங்கள்; விரல்களால் பெரிதாக்கும் வழியையே பல உலாவிகளில் அது அடைத்துவிடும்.