சர்க்கரை, பருமன் சாவுக் கணக்கை எப்படிப் படிப்பது

சர்க்கரை நோயால் உலகத்தில் வருடத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று தேடிப் பாருங்கள், தலை சுற்றும். உலக சுகாதார நிறுவனம் 2021க்கு 16 லட்சம் என்கிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதே 2021க்கு 67 லட்சம் என்றது, அப்புறம் 2025ல் வந்த அவர்களுடைய அடுத்த அறிக்கையில் 2024க்கு 34 லட்சம் என்று போட்டிருக்கிறது. மூன்று வருடத்தில் சாவு பாதியாகிவிட்டதா? கிடையாது. அதே அறிக்கைகளில் நோயாளிகள் 53.7 கோடியிலிருந்து 58.9 கோடியாக ஏறியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய இறக்கம் கணக்குப் போடும் விதத்தில்தான் வரும்.

அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இது சர்க்கரையையே மூல காரணமாக வைத்து எண்ணியதா, இல்லை, சர்க்கரையால் கூடுதலாக வந்த மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிட்டதா? 16 லட்சம் முதல் வகை. சர்க்கரையால் கிட்னி போய் இறந்த 5.3 லட்சம் பேர்கூட அதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு. கூட்டமைப்பின் எண் இரண்டாம் வகை, அதுவும் 20 முதல் 79 வயது வரை மட்டும். இரண்டுமே தப்பில்லை, ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றோடு ஒப்பிட்டு "கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது.

முதல் வகை எண்ணைப் புரிந்துகொள்ள டாக்டர் எழுதும் இறப்புக் காரணப் படிவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வெளியே இறந்தால் 4ஏ. அதன் முதல் பகுதியில் மேலிருந்து கீழாக வரிகள் இருக்கும்: உயிர் போன நேரடிக் காரணம் மேலே, அதை உண்டாக்கியது அடுத்த வரியில், எல்லாவற்றுக்கும் தொடக்கமான நோய் கடைசி வரியில். கூடவே இருந்து நிலைமையை மோசமாக்கிய நோய்கள் இரண்டாம் பகுதிக்குப் போகும். பொதுவாகப் புள்ளிவிவரத்தில் ஏறுவது அந்தக் கடைசி வரிதான். இருபது வருடமாகச் சுகர், அதனால் கிட்னி பழுது, டயாலிசிஸ், கடைசியில் மாரடைப்பு என்று ஒருவர் போய்ச் சேர்ந்தால், சர்க்கரையைக் கடைசி வரியில் எழுதினால் அது சர்க்கரையால் வந்த சாவு என்று ஏறும், வெறுமனே "மாரடைப்பு" என்று எழுதிவிட்டால் சர்க்கரைக்கு அங்கே சுவடே இருக்காது. இந்தியாவில் 2020ல் பதிவான சாவுகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணமே இருந்தது. ஆகவே ஒரு மாநிலத்தில் சர்க்கரைச் சாவு அதிகம் என்று செய்தி வந்தால், அங்கே நோய் அதிகமா, ஒழுங்காக எழுதுவது அதிகமா என்று பாருங்கள். ஒழுங்காக எழுதும் மாநிலத்துக்குக் கெட்ட பெயர் வருவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

உடல் பருமன் கதையே வேறு. படிவத்தில் அதை மூல காரணமாக எழுதுவது அபூர்வம். அதனால் மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு எவ்வளவு எடை, அந்த எடைக்கு எந்த நோயில் எவ்வளவு கூடுதல் ஆபத்து என்று பெருக்கித்தான் எண் வருகிறது. உடல் எடைக் குறியீடு, அதாவது எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ, இருக்க வேண்டிய அளவைத் தாண்டியதால் 2021ல் உலகத்தில் 37 லட்சம் சாவுகள் என்பது அப்படி வந்ததுதான். பருமனால் சர்க்கரை வந்து இறந்தவர் இந்தக் கணக்கிலும் இருப்பார், சர்க்கரைக் கணக்கிலும் இருப்பார். இரண்டையும் கூட்டவே கூட்டாதீர்கள்.

பருமனுக்கு எந்தக் கோடு என்பதையும் பார்த்துவிடுங்கள். உலக அளவில் 30, நம் மருத்துவர்கள் பலர் 25 என்கிறார்கள். தேசிய குடும்பநல ஆய்வு 25ஐத் தொட்டாலே அதிக எடை அல்லது பருமன் என்று சேர்க்கிறது, அந்தக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4 சதவீதம். கோடு மாறாமல் எண் இவ்வளவு ஏறினால் அது நிஜமான ஏற்றம், கவலைப்பட வேண்டிய ஏற்றம்.

அடுத்தது வயது. முதியவர்கள் அதிகமுள்ள ஊரில் சாவும் அதிகமாகத்தான் இருக்கும், எனவே "வயதுக்கேற்பச் சீராக்கிய விகிதம்" என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் ஊருக்கு ஊர் ஒப்பிடாதீர்கள். அப்புறம் எந்த வயதில் இறந்தார்கள் என்பது. உலக அளவில் சர்க்கரைச் சாவுகளில் 47 சதவீதம் 70 வயதுக்குள். மொத்த எண்ணைவிட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் நல்ல சிகிச்சை கிடைத்தால் நோயோடு நீண்ட காலம் வாழ்கிறார்கள், அப்போது நோயாளிகள் எண்ணிக்கை ஏறினாலும் அது தோல்வி ஆகாது.

போக்கு பார்க்கிறீர்களா, 2020ஐத் தொடக்கமாகவோ முடிவாகவோ வைக்காதீர்கள். அமெரிக்காவில் 2019ல் சுமார் 87,600 ஆக இருந்த சர்க்கரைச் சாவு கொரோனா வந்த 2020லும் 2021லும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அங்கிருந்து அளந்தால் எந்த அரசும் சாதித்த மாதிரி தெரியும்.

எவ்வளவு நீளமாகப் பார்க்க வேண்டும் என்பதற்குக் கியூபாதான் சரியான உதாரணம். சோவியத் உதவி நின்றதும் 1991 முதல் 1995 வரை அங்கே சாப்பாடும் இல்லை, பெட்ரோலும் இல்லை, மக்கள் நடந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், சராசரியாக 5.5 கிலோ இளைத்தார்கள். சர்க்கரைச் சாவு உடனே விழவில்லை. 1996ல்தான் இறங்க ஆரம்பித்து, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 14 சதவீதம் என்று 2002 வரை சரிந்தது. அதற்குள் எடை திரும்ப ஏற ஆரம்பித்திருந்தது: அதிக எடையும் பருமனும் 1995ல் 33.5 சதவீதம், 2010ல் 52.9. 2002க்குப் பிறகு சாவும் பழைய போக்குக்கே போய்விட்டது. (பட்டினியை யாரும் வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த வருடங்களில் ஊட்டச்சத்துக் குறைவால் 50,000 பேருக்கு மேல் பார்வை நரம்பும் கைகால் நரம்பும் பாதிக்கப்பட்டன.) ஆக, இன்றைய சாவு எண் சில வருடங்களுக்கு முந்தைய எடையையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இரண்டு மூன்று வருட வரைபடத்தை வைத்து எந்தத் திட்டத்தையும் வென்றது, தோற்றது என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது வீட்டில் செய்ய வேண்டியது. நீண்ட நாள் சுகர் இருந்தவர் ஆஸ்பத்திரியில் இறந்தால், எத்தனை வருடமாக நோய், என்ன மாத்திரை, இன்சுலின் உண்டா என்பதைப் படிவம் எழுதும் டாக்டரிடம் சொல்லுங்கள், பழைய சீட்டு இருந்தால் காட்டுங்கள். 2023ல் திருத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி காரணச் சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்குத் தரப்பட வேண்டும். கேட்டு வாங்கி, கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள், விடுபட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள்.