காலில் ஒட்டிய கடல் மணலுக்குக் கார்ன்ஃப்ளார்

ஆகஸ்ட் 15 விடுமுறைக்குக் குடும்பத்தோடு மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ போகிறீர்களா? 100 கிராம் கார்ன்ஃப்ளார் மாவை மூடி இறுக்கமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது பிள்ளைகளின் கால்களைத் துண்டால் ஒத்தி எடுத்து, ஒரு காலுக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் மாவைத் தடவி, உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். மணல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கால் கழுவக் குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்ய வேண்டாம், குழாயடிக் கூட்டத்திலும் நிற்க வேண்டாம்.

மணலைத் தோலோடு பிடித்து வைத்திருப்பது ஈரம்தான். கடல்நீரில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் இழுப்பதால் கால் தானாகக் காய நெடுநேரம் ஆகும். மாவு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது.

தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் காலில் தடவினால் மாவு பசையாகி மணல் இன்னும் அப்பிக்கொள்ளும். அதனால்தான் முதலில் ஒத்தி எடுப்பது முக்கியம். தேய்த்தால் பிஞ்சுத் தோல் சிராய்த்துவிடும். மாலைக் கடல்காற்றில் மாவைத் தூவினால் கண்ணில்தான் விழும். உள்ளங்கையில் கொட்டியே தடவுங்கள். டால்கம் பவுடரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதன் தூசி மூச்சில் போவது குழந்தைகளுக்கு நல்லதல்ல.

சிராய்ப்பு, புண் உள்ள இடத்தில் மாவு கூடாது, சுத்தமான தண்ணீர்தான். எண்ணெயோ சன்ஸ்கிரீனோ கனமாகத் தடவிய தோலில் இது சரிவராது. தலைமுடி மணலுக்குக் குளியல்தான் வழி. துணியில் ஏறிய மணலைக் காயவிட்டு உதறுங்கள்.