ஜேபிஜே கூட வேலை பாத்தவங்க நினைவைக் கேட்டு எழுதுறது எப்படி

செப்டம்பர் 30 நெருங்குச்சுன்னா வாட்ஸ்அப்ல அதே போட்டோ வந்துடும். அந்த வெள்ளைக் கிருதா, கோட்டு, கீழ "சிங்கம் மாதிரி வாழ்ந்தவர்"னு நாலு வரி, அதுக்குக் கீழ பத்து கும்பிடு. போன வருஷம் யாரு போட்டாங்களோ அவங்களே இந்த வருஷமும் போடுவாங்க. ஜேபிஜேன்னு எல்லாரும் கூப்பிட்ட சிங்கப்பூர் எதிர்க்கட்சிக்காரர் ஜே. பி. ஜெயரத்னம் 2008ல அந்தத் தேதியிலதான் தவறினாரு, அப்ப வயசு 82. அவரு கூட கட்சி வேலை பாத்தவங்க, கோர்ட்டுல ஃபைல் தூக்கினவங்க இன்னும் நம்ம புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடையில உக்காந்திருக்காங்க, ஆனா எல்லாருக்கும் எழுபது தாண்டிடுச்சு, அதனால எழுதணும்னு யாருக்காச்சும் ஆசை இருந்தா இப்பவே பண்ணிடுங்க. நான் எங்க அப்பாவோட கூட்டாளி ஒருத்தரை, எனக்கு மாமா முறை, அஞ்சாறு தடவை உக்கார வச்சுக் கேட்டு எழுதினேன், அதுல கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன். பேர் போடக் கூடாதுன்னுட்டாரு, அதனால மாமான்னே வச்சுக்கலாம். 80கள்ல ஜேபிஜேயோட பாட்டாளிக் கட்சிக்காக (வொர்க்கர்ஸ் பார்ட்டி) அவங்க கட்சிப் பேப்பர் 'தி ஹேமர்' வித்தவரு.

மொதல்ல பொது விவரத்தை நீங்க கரெக்டா தெரிஞ்சுக்கிட்டுப் போங்க, அவர்கிட்டப் போய் "ஜேபிஜே எந்த வருஷம் எம்பி ஆனாரு"ன்னு கேக்காதீங்க, அது அவரு வேலை இல்ல. 1926ல யாழ்ப்பாணத்துல பொறந்தாரு, வளந்தது மலாயாவுல, லண்டன்ல சட்டம் படிச்சாரு, கொஞ்ச காலம் இங்க மாவட்ட நீதிபதியா இருந்துட்டு அப்புறம் தனியா வக்கீல் தொழில், 1971ல பாட்டாளிக் கட்சித் தலைமைச் செயலாளர். தேவன் நாயர் அதிபர் ஆனதால காலியான ஆன்சன் தொகுதிக்கு 1981 அக்டோபர் 31ல இடைத்தேர்தல், அதுல 653 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. சுதந்திரத்துக்கு அப்புறம் தேர்தல்ல ஜெயிச்சு நாடாளுமன்றம் போன மொத எதிர்க்கட்சிக்காரர் அவர்தான். 1984ல திரும்ப அதே ஆன்சன். இதெல்லாம் தேசிய நூலக வாரியத்தோட பழைய பத்திரிகைத் தளத்துல கெடைக்குது, தமிழ் முரசும் அதுல இருக்கு, சிலது மட்டும் நூலகத்துக்கே போனாதான் தெறக்கும். நாடாளுமன்றத்துல அவரு பேசினது எல்லாம் பதிவா ஆன்லைன்லயே இருக்கு, ரெண்டு நாள் ராத்திரி அதைப் படிச்சாலே போதும், கேள்வி தானா வரும்.

போகும்போது கேள்வித்தாள் கொண்டு போகாதீங்க, ஏதாச்சும் ஒரு பொருள் கொண்டு போங்க. நான் மொத தடவை இருபது கேள்வி டைப் பண்ணிட்டுப் போனேன், மாமா ஒவ்வொண்ணுக்கும் ஆமா, இல்ல, தங்கமான மனுசன்னு முடிச்சுட்டாரு. அதுவும் ஃபேனுக்குக் கீழ ஃபோனை வச்சுட்டேன், வீட்டுக்கு வந்து கேட்டா ஒரு மணி நேரம் காத்துச் சத்தம்தான். ரெண்டாவது தடவை இடைத்தேர்தலுக்கு மறுநாள் வந்த பேப்பர் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் மேசையில விரிச்சேன், அவ்ளோதான், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டாரு, பத்து நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் நிறுத்தவே முடியல.

"அவரு எப்படிப்பட்டவரு"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு உலகத்துல ஒரே பதில்தான் வரும். பதிலா அவரோட சொந்த கையைப் பத்தி, காலைப் பத்தி, வயித்தைப் பத்திக் கேளுங்க. பேப்பர் கட்டு என்ன கனம், எங்க நின்னீங்க, மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க, சில்லறை எங்க வச்சீங்க. இப்படிக் கேட்டப்பதான் மாமா எந்திரிச்சு நின்னு செஞ்சே காமிச்சாரு. எடது முழங்கையில கட்டை மடிச்சுப் போட்டு, வலது கையில ஒரே ஒரு பேப்பரை நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, சட்டைப் பாக்கெட்டுல சில்லறை, அந்த பாக்கெட்டு வாரத்துக்கு ஒரு தடவை கிழியும், அத்தை திட்டிக்கிட்டே தைப்பாங்களாம். வாங்குறவங்க காசைக் கொடுத்துட்டு அங்கேயே பிரிச்சுப் படிக்க மாட்டாங்க, நாலா மடிச்சு மார்க்கெட் பைக்குள்ள காய்கறிக்கு அடியில வச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. அந்தக் காய்கறிக்கு அடியிலன்ற ஒரு விஷயம் இருக்கே, அந்தக் காலத்துப் பயத்தைப் பத்தி நான் ஒரு பக்கம் எழுதினாலும் அது வராது.

கேட்டு முடிச்சதும் டைப் பண்ணி மூணு கலர்ல கோடு போடுங்க. கண்ணால பாத்தது ஒரு கலர், அப்பவே யாரோ சொல்லிக் கேட்டது ஒரு கலர், பின்னாடி பேப்பர்ல புக்குல படிச்சுட்டுத் தன் நினைவுன்னு நம்பிக்கிட்டு இருக்கிறது ஒரு கலர். மூணாவதுதான் ஆபத்து, ஏன்னா அதுதான் கேக்க ரொம்ப நல்லா இருக்கும். 1986 நவம்பர்ல கட்சிக் கணக்கு வழக்குல ஜேபிஜேக்கு ஒரு மாசம் ஜெயிலும் 5,000 வெள்ளி (டாலர்) அபராதமும் உறுதியானப்ப கோர்ட்டு உள்ள என்ன நடந்துச்சுன்னு மாமா சினிமா மாதிரி சொன்னாரு. நான் மெதுவா, "மாமா நீங்க உள்ளதான் இருந்தீங்களா"ன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "இல்லப்பா, நான் வெளிய, பைக்கை எடுக்கச் சொல்லிடுவாங்கன்னு பக்கத்துலயே நின்னேன்"னாரு. எனக்கு அந்த பைக்கு போதும். உள்ள நடந்தது கோர்ட்டுப் பதிவுல இருக்கு, வெளிய ஒருத்தரு பைக்கைப் பிடிச்சுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டு நின்னது எங்கயும் இல்ல.

வருஷம் கண்டிப்பா குழம்பும், அதுக்குக் கோவப்படாதீங்க. மாமா ஆன்சன் மொத வெற்றி 84லன்னு சத்தியம் பண்ணாரு, ஏன்னா அந்த வருஷம்தான் மக பொறந்தா. பொறந்த சர்டிஃபிகேட்டை எடுத்துப் பாத்தா மக பொறந்தது 84தான், ஆனா அவரு சொல்ற ராத்திரி ரெண்டாவது வெற்றி, 81ல அவரு கட்சியிலயே இல்ல. அதே மாதிரி 1991 தேர்தல்ல ஜேபிஜே நின்னு தோத்தாருன்னு நெறைய பேரு சொல்வாங்க. அவரால நிக்கவே முடியாது. அப்ப இருந்த சட்டப்படி 2,000 வெள்ளியோ அதுக்கு மேலயோ அபராதம்னா எம்பி பதவி போயி அஞ்சு வருஷத் தடை, அந்தத் தடை 91 நவம்பர் வரைக்கும், தேர்தல் வந்தது ஆகஸ்ட்டுல. இந்த மாதிரி இடத்துல பெரியவர் சொன்னதை அடிச்சுட்டு நம்ம வெர்ஷனைப் போடாதீங்க, "84ன்னுதான் அவருக்கு ஞாபகம், பதிவுப்படி 81"ன்னு ரெண்டையும் போடுங்க.

ஜேபிஜே வக்கீலும்கூட, அதனால சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் பொறுமையா செய்யணும். அந்தத் தண்டனையால 87ல வக்கீல் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தாங்க, அவரு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனாரு, அப்ப நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டு அதுதான், 88 அக்டோபர்ல அவங்க பேரைத் திரும்பச் சேத்ததோட நிக்காம, அவருக்கும் கூடக் குற்றம் சாட்டப்பட்ட கட்சித் தலைவருக்கும் பெரிய அநீதி நடந்திருக்குன்ற மாதிரியே கடுமையா எழுதினாங்க. ஆனா அந்த மேல்முறையீடு வக்கீல் பட்டியல் விஷயத்துக்கு மட்டும்தான், கிரிமினல் தண்டனை அப்படியே நின்னுச்சு, மன்னிப்பு கேட்டு... மன்னிப்புன்னு கூட சொல்லக் கூடாது, தண்டனையை நீக்கச் சொல்லி அதிபருக்குக் கொடுத்த மனுவும் ஏத்துக்கப்படல. ரெண்டையும் கலந்து "பிரிவி கவுன்சில் விடுதலை பண்ணிடுச்சு"ன்னு எழுதுறவங்க ஏராளம், தயவு செஞ்சு நீங்களும் சேராதீங்க. அப்புறம் அவரு ஆபீஸ்ல வேலை பாத்தவங்க யாரையாச்சும் பேட்டி எடுத்தா கட்சிக்காரங்க கதையைக் கேக்காதீங்க, கேஸ் கொடுத்தவங்களைச் சொல்றேன். வக்கீல் செத்தாலும் கிளையன்ட் சொன்ன ரகசியம் ரகசியம்தான்.

உயிரோட இருக்கிறவங்க பேர் வர்ற வரி எல்லாத்தையும் தனியா எடுத்துப் பாருங்க. இதை நான் சும்மா சொல்லல. 1995ல தி ஹேமர்ல தமிழ் மொழி வாரம் நடத்தினவங்களைப் பத்தித் தமிழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. பேப்பருக்கு ஆசிரியரா இருந்த ஜேபிஜே மேல அவதூறு வழக்கு, நஷ்டஈடு, தவணை, தவணை தாமதம்னு போயி 2001ல அவரு திவால்னு அறிவிக்கப்பட்டாரு. 97 தேர்தல்ல செங் சான் தொகுதியில தோத்தாலும் 45 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கித் தொகுதியில்லா உறுப்பினரா நாடாளுமன்றத்துல இருந்தாரு, அந்த இடமும் போச்சு, வக்கீல் தொழிலும் போச்சு. நம்ம மொழியில வந்த ஒரு கட்டுரை. தமிழ்ல எழுதினா யாரு படிக்கப் போறான்னு நெனைக்கிறவங்களுக்குச் சொல்றேன்.

கடைசியா, தோல்வியையும் சங்கடத்தையும் கேளுங்க, ஆனா அஞ்சாவது ஆறாவது சந்திப்புல கேளுங்க, மொத நாளே கேட்டா கதவு மூடிக்கும். நான் கேக்கக் கூட இல்ல, திவால் ஆனப்புறம் ஜேபிஜே எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல நின்னு தன் புத்தகத்தைத் தானே வித்தாரு இல்லையா, அந்தப் பேச்சு வந்துச்சு. மாமா பால் இல்லாத கோப்பி ஓவைக் கலக்கிக்கிட்டே இருந்தாரு. சக்கரை எப்பவோ கரைஞ்சுருச்சு, கலக்கிக்கிட்டே இருந்தாரு. "ஒரு நாள் பாத்தேன்பா. வேலை முடிஞ்சு வர்றேன், எஸ்கலேட்டர் மேல ஏறி வந்தா வாசல்ல நிக்கிறாரு, கையில புக்கு. என்னைப் பாக்கல. நான் திரும்பி வேற வாசல் வழியாப் போயிட்டேன்." ஏன்னு நான் கேக்கல. இந்த மாதிரி நேரத்துல வாயை மூடிக்கிட்டு இருங்க, "பரவால்ல மாமா"ன்னு ஆறுதல் சொல்லாதீங்க, ரெக்கார்டிங்கை நிறுத்தவா வேணாமான்னு மட்டும் கேளுங்க. ஓடட்டும்னாரு. அப்புறம்தான் சொன்னாரு, 2007ல ஜேபிஜே கடனைக் கட்டி வெளிய வந்து திரும்ப வக்கீலா கோர்ட்டுக்குப் போனதையும், அடுத்த வருஷமே சீர்திருத்தக் கட்சி ஆரம்பிச்சதையும் பேப்பர்ல படிச்சுட்டு, போய்ப் பாக்கணும் பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தாராம். செப்டம்பர்ல ஆள் போயிட்டாரு.

எழுதி முடிச்சதும் பிடிஎஃப் அனுப்பிட்டு "ஓகேவா மாமா"ன்னு மெசேஜ் போடாதீங்க, கண்ணு தெரியாதவங்க ஓகேன்னுதான் பதில் போடுவாங்க. நேர்ல போய் வாசிச்சுக் காமிங்க, முழுசா, சத்தமா. நான் வாசிச்சப்ப அவரு ரெண்டே எடத்துலதான் நிறுத்தினாரு. பேப்பர் கட்டு நாப்பது இல்ல முப்பதுதான்னாரு. எம்ஆர்டி பகுதி வந்தப்ப, வேணாம்னா எடுத்துடறேன் மாமான்னு நானே சொன்னேன். "எடுக்காத. ஆனா வேற வாசல்னு போட்டிருக்க பாரு, அது தப்பு. அந்த ஸ்டேஷன்ல அப்ப இன்னொரு வாசல் மூடி வச்சிருந்தாங்க. நான் திரும்ப கீழ எறங்கி, பிளாட்ஃபாரத்துலயே அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."