ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் கட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

ட்ரவுட் மீனைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் கம்பியும் சுற்றிப் போலிப் பூச்சி கட்டப் பழகுகிறவர்கள் பலர், நீருக்கடியில் இருக்கும் இளம்பூச்சியைப் போலக் கட்டும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபில்தான் கை வைக்கிறார்கள், ஏனென்றால் பார்க்க எளிதாக இருக்கிறது. ஒரு தூண்டில் முள், மெல்லிய செம்புக் கம்பி, ஃபெசன்ட் என்ற பறவையின் சேவல் வாலிறகிலிருந்து நாலு இழை, அவ்வளவுதான். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய பூச்சி இது. இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்று தோன்றும். ஆனால் இவ்வளவு கொஞ்சம் பொருளோடு விட்டுவிட நமக்கு மனசு வராது, எதையாவது சேர்த்துக் கெடுப்போம்.

முதலில் சேர்ப்பது நூல். வைஸில், அதாவது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கியில், முள்ளை மாட்டியதும் கை தானாக நூல்கண்டைத் தேடும். சாயர் நூலே தொடவில்லை. கம்பிதான் கட்டும், கம்பிதான் எடை தரும், நனைந்த இழைகளுக்கு இடையில் மினுங்குவதும் அதுவேதான். நூலையும் சுற்றி அதன்மேல் கம்பியையும் சுற்றினால் பூச்சி பருக்கும், பருத்த அளவுக்கு எடை கூடாது.

அடுத்தது உடல்வாகு. கம்பியை ஒரே சீராகச் சுற்றிவிட்டு இழையால் மூடினால் கிடைப்பது சுருட்டு. நெஞ்சுப் பகுதியில் மட்டும் கம்பியை ஏற்றி மேடு கட்ட வேண்டும், பின்பக்கம் ஒல்லியாகவே இருக்கட்டும். இந்த வடிவம் எவ்வளவு முக்கியம் என்றால், சாயரின் ஊர்க்காரரான ஆலிவர் கைட் இறகே இல்லாமல், வெறும் முள்ளில் செம்புக் கம்பியை மட்டும் சுற்றி மீன் பிடித்துக் காட்டியவர்.

அதிகமாகச் சொதப்புவது இழையைச் சுற்றும் இடத்தில். இழைகளை மட்டும் தனியாகச் சுற்றினால் ட்ரவுட்டின் பொடிப் பல் ஒரு இழையை அறுத்ததும் மொத்தமும் பிரிந்துவிடும், ஒரு மீனோடு பூச்சியின் கதை முடிந்தது. இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கைத்தான் சுற்ற வேண்டும். அதற்காக ஒரேயடியாக முறுக்கினாலும் படக்கென்று ஒடியும், கொஞ்சம் முறுக்கு, ரெண்டு சுற்று, மறுபடி கொஞ்சம் முறுக்கு என்று போங்கள். இறகு பழசாகிக் காய்ந்திருந்தால் கெட்டில் ஆவியில் லேசாகக் காட்டினால் போதும். நாலு இழையையும் ஒவ்வொன்றாகப் பிய்க்காமல், நுனிகளைச் சமமாகப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த நுனிகளால் ஆகும் வால் துடைப்பம் மாதிரி நிற்கும். 14ஆம் எண் முள்ளுக்கு மூன்று மில்லிமீட்டர் வால் தாராளம். குட்டை இழையைத் தேர்ந்தெடுத்தால் நெஞ்சின் மேல் முன்னும் பின்னுமாக மடிக்கும்போது பாதியில் தீர்ந்துபோகும், என் முதல் பூச்சிகள் எல்லாம் அப்படித்தான் முதுகு மூடாமல் நின்றன.

கால் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆல் ட்ராத் என்பவர் கட்டிய வகையில் மயிலிறகு நெஞ்சும் கால்களும் இருக்கும், அதுவும் நல்ல பூச்சிதான். ஆனால் அது வேறு. நீந்துகிற இளம்பூச்சி காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும் என்பது சாயரின் கணக்கு, அதனால் அவர் கால் வைக்கவில்லை, பூச்சியும் தடையில்லாமல் சரசரவென்று இறங்கும்.

முள்ளின் காதை, அதாவது தூண்டில் நரம்பைக் கோக்கும் ஓட்டையை, ஒட்டிச் சுற்றிக்கொண்டே போகாதீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டராவது காலியாக விடுங்கள், இல்லையென்றால் ஆற்றங்கரையில் குளிரில் நின்றுகொண்டு நரம்பு நுழையாத முள்ளைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், முடித்த பிறகு கம்பியைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், இறுக்கிப் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள், கட்டின் அடியிலேயே ஒடிந்துவிடும், கத்தரிக்கோலும் மழுங்காது.

கட்டியதை நனைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நேராக அடியில் போய் உட்கார்ந்தால் சரி. தயங்கித் தயங்கி இறங்கினால் பிளேடால் கீறிப் பிரித்துவிடுங்கள், முள் வீணாகாது.