சோலார் தகட்டின் ஆயுளைச் சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்த நினைப்பவர், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டதும், விற்பவர்கள் பெரும்பாலும் சோலார் தகடுகளுக்கான அனைத்துலகச் சோதனைத் தரமான ஐஇசி 61215 சான்றிதழைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதை 25 ஆண்டு ஆயுளுக்கான உறுதிமொழியாக வாசிப்பது முதல் தவறு. வடிவமைப்பிலும் மூலப்பொருளிலும் உள்ள, சீக்கிரமே வெளிப்படக்கூடிய குறைகளைச் சலித்தெடுக்கவே அந்தச் சோதனை ஏற்பட்டது. தகடு எப்போது ஓயும் என்பதை அது கணிப்பதில்லை.

85 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைப்பது அச்சோதனைகளுள் ஒன்று. அந்த ஆறு வாரத்தை நம் ஊரின் இத்தனை ஆண்டுக்குச் சமம் என்று பெருக்கிக் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் சிதைகிறது. மைனஸ் 40 முதல் 85 பாகை வரை 200 முறை குளிர்வித்துச் சூடேற்றும் சோதனையை, இங்கே பனி பெய்யாதே என்று ஒதுக்குவதும் சரியன்று: நண்பகலில் 60 பாகையைத் தாண்டிக் காய்ந்த தகடு மாலை மழையில் சட்டென்று குளிரும்போது, அதன் பற்றாசு (சோல்டர்) இணைப்புகள் இங்கும் விரிந்து சுருங்கத்தான் செய்கின்றன.

இதைவிடப் பெரிய தவறு, தனித்தனியே தேறிய சோதனைகளைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒருசேரத் தாங்கும் என்று முடிவு கட்டுவது. ஈர வெப்பத்துக்கு ஒரு தகடும் 200 சுழற்சிக்கு வேறொரு தகடும் உட்படுத்தப்படுகின்றன. புற ஊதாக் கதிர்ச் சோதனையின் அளவோ, நம் வெயிலில் சில மாதங்களிலேயே சேர்ந்துவிடும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன பின்தாளுடன் (தகட்டின் பின்புறத்தை மூடிக் காக்கும் தாள்) வந்த பல தகடுகள், சான்றிதழ் பெற்றிருந்தும் சில ஆண்டுகளிலேயே பின்தாள் வெடித்து, மின்காப்புக் குறைந்து போனது இதனால்தான். ஆகவே ஒரே தகட்டில் அடுத்தடுத்துச் செய்த சோதனைகளின் அறிக்கையைக் கேளுங்கள். சோதனைக்குப் போன தகட்டின் பின்தாளும், செல்களைப் பொதிந்து ஒட்டிவைக்கும் ஒட்டுப்படலமும்தானா உங்களுக்கு வருவதிலும் உள்ளன என்றும் கேளுங்கள். மாடல் எண் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. பத்து ஃபெரிங்கி போன்ற கடலோரமானால், உப்பு மூடுபனிக்கான ஐஇசி 61701 அறிக்கையும் வேண்டும்.

கூரைக்கு ஏறிய பிறகு நடக்கும் தவறுகள் பெரும்பாலும் அளவீட்டைச் சார்ந்தவை. தகட்டில் குறித்துள்ள 400 வாட் என்ற எண் 25 பாகை வெப்பநிலைக்கு உரியது. பாகைக்கு 0.35 விழுக்காடு இழக்கும் தகடு 60 பாகையில் முழு வெயிலிலும் ஏறக்குறைய 350 வாட்தான் தரும். அது தேய்மானம் அன்று. உண்மையான தேய்மானம் பொதுவாக ஆண்டுக்கு அரை விழுக்காட்டை ஒட்டியது. வெயில்மானியின் பிழையும் கண்ணாடியில் படிந்த புகைமூட்டத் தூசும் அதைவிடப் பெரியவை என்பதால், ஓராண்டு அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. பொருத்திய அன்றே, துடைத்த தகட்டில் எடுத்த அளவு கையில் இல்லையென்றால் பின்னர் ஒப்பிட எதுவும் இராது. மின்கட்டண பில் இதற்கு உதவாது. ஏர்கோன் கூடுதலாக ஓடிய மாதமும் அதில் தகட்டின் குறைபோலவே தெரியும்.

கண்ணால் பார்த்து நலமென்று சொல்வதும் தவறே. செல்லின் நுண்விரிசல், தகட்டுக்குள் மின்சாரம் செலுத்தி அது வெளிவிடும் மங்கிய ஒளியைப் பிடிக்கும் மின்னொளிர்வுப் படத்தில்தான் புலப்படும். வெப்பப் படமெடுப்பதானால் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்குக் குறையாத வெயில் வேண்டும். மேகம் சூழ்ந்த பிற்பகலில் எடுத்த படத்தில் பழுதான செல்லும் நல்லதுபோலவே தெரியலாம்.

மின்காப்புச் சோதனையை மட்டும் காய்ந்த நண்பகலில் செய்யக் கூடாது. வெடித்த பின்தாளிலும் இணைப்பியிலும் ஈரம் இருக்கும்வரைதான் மின்கசிவு தென்படும். அதிகாலைப் பனியில் இன்வெர்ட்டர் தடங்கி, பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடுவது இதன் அறிகுறியாக இருக்கலாம். தகுதிபெற்ற மின்பணியாளரை மழை ஓய்ந்தவுடனோ, பனி உலர்வதற்கு முன்போ வரச் சொல்லுங்கள்.