கலைஞர் நூல்களைப் பட்டியலிடும் முறை

கல்விசார் நூலகத்தின் பட்டியலாக்கப் பிரிவுக்கு ஒரு கலைஞர் நூல் வந்து சேரும்போது, பழக்கத்தால் நாம் முதலில் தேடுவது தலைப்புப் பக்கத்தை. பல நேரங்களில் அப்படி ஒரு பக்கமே அதில் இருப்பதில்லை. ஓவியரோ அச்சுக்கலைஞரோ நூல் என்னும் வடிவத்தையே தம் படைப்பாக எடுத்துக்கொண்டு செய்யும் இத்தகைய நூல்கள் விசிறிபோல் விரியலாம், பெட்டிக்குள் உதிரித் தாள்களாகக் கிடக்கலாம், ஒரு சொல்கூட இல்லாமலும் இருக்கலாம். ஆகவே, நூலகப் பட்டியலில் உள்ள பதிவைப் படிக்கும் ஆய்வாளர் பெட்டியைத் திறக்காமலேயே உள்ளிருப்பதைக் கண்முன் காணும்படி எழுதுவதே இவ்வேலையின் பெரும்பகுதி.

கணினியில் எதையும் பதியுமுன், கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, மேசையில் பேனாவை அகற்றிப் பென்சிலை மட்டும் வைத்துக்கொண்டு, நூலை ஒருமுறை முழுவதுமாகப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்தால், திரும்ப மடிக்கும்போது தடுமாற்றம் இராது.

தலைப்பை நூலிலிருந்தே எடுக்க வேண்டும். அட்டை, இறுதிப் பக்கத்து அச்சு விவரம், பெட்டி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். எங்கும் கிடைக்காவிட்டால், கலைஞரின் இணையதளத்திலிருந்தோ விற்பனையாளர் அனுப்பிய தாளிலிருந்தோ எடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறிப்பில் சொல்லுங்கள். விற்பனையாளரின் வருணனை வசதியானதுதான், ஆனால் அது விற்பதற்காக எழுதப்பட்டது. நூலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை அப்படியே ஒட்டிவிடக் கூடாது.

பதிப்பு விவரத்தில் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷேயின் இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள் பற்றிய நூல் 1963இல் எண்ணிட்ட 400 படிகளாக வந்தது. 1967இல் 500, 1969இல் 3000 என மீண்டும் அச்சாயிற்று. எந்தப் பதிப்பு என்று சொல்லாத பதிவு, இத்தகைய நூலைத் தேடி வருபவருக்குப் பாதிப் பயனே தரும். மொத்தம் எத்தனை படிகள் என்பது எல்லா நூலகங்களுக்கும் பொதுவான செய்தி, ஆதலால் அது மார்க் பதிவில் (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகக் கணினியில் பதியும் நூலக வடிவம்) 500ஆம் புலத்துப் பொதுக் குறிப்பில் வரலாம். உங்கள் படி எத்தனையாவது, அதில் கையெழுத்து உண்டா என்பன உங்கள் படிக்கே உரியவை, அவற்றை 590 போன்ற உள்ளூர்க் குறிப்பில் வையுங்கள்.

நூலின் வடிவத்தையும் அளவையும் சொல்லும் 300ஆம் புலத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ‘1 தொகுதி’ என்று எழுதிவிட்டு நகர்வது பிழையன்று, ஆனால் அதனால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ‘மடிப்பு நூல், 18 மடிப்புப் பக்கங்கள், மடித்த நிலையில் 15 x 11 செ.மீ., விரித்தால் 15 x 198 செ.மீ.; துணி போர்த்திய பெட்டியில்’ என்று எழுதினால், பார்வையிட எவ்வளவு பெரிய மேசை வேண்டும் என்பதுகூடப் புரிந்துவிடும். அச்சிட்ட முறை, தாள், தையல், உடன் சேர்ந்த நூலிழை, கண்ணாடி, விதை போன்ற பொருள்கள் ஆகியவற்றைக் குறிப்புகளில் எழுதுங்கள். உறுதியாகத் தெரியாத அச்சு முறையைப் பெயரிட்டுவிடாதீர்கள். ‘மேற்பரப்பில் அழுத்தத் தடம் தெரியும் கறுப்பு அச்சு’ என்று கண்டதைச் சொல்வதே நேர்மை. ‘அழகிய’, ‘வியக்கத்தக்க’ போன்ற அடைமொழிகளுக்குப் பதிவில் இடமில்லை.

தேடுபவர் இந்நூல்களை அடைய நம்பத்தக்க வழி, நூலின் வகையைக் குறிக்கும் 655ஆம் புலம். ‘கலைஞர் நூல்கள்’ என்னும் வகைச் சொல்லோடு, மடிப்பு நூல், சுரங்க நூல் (அடுக்கிய தாள்களின் திறப்புகள் வழியே உள்ளே பார்க்கும் நூல்) போன்ற வடிவச் சொற்களையும் கட்டுப்படுத்திய சொற்பட்டியலிலிருந்து, அதாவது நூலகங்கள் ஒரே சீராகப் பயன்படுத்தும் சொற்களின் பட்டியலிலிருந்து, எடுத்துச் சேருங்கள். பொருள் தலைப்பு, நூல் எதைப் பற்றியது என்பதற்கு மட்டுமே. அச்சிட்டவர், கட்டமைத்தவர், கவிதை எழுதியவர் ஆகியோருக்கு 700ஆம் புலத்தில் தனித்தனியே பதிவு கொடுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் தனிக் கலைஞர்களின் நூல்களுக்கு என்7433.4 என்னும் எண் உண்டு. எல்லாவற்றையும் அங்கே சேர்த்தால் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பார்கோடு ஒட்டுத்தாளையும் முத்திரையையும் நூலின் மேல் வைக்காதீர்கள். அமிலமற்ற தாள்துண்டிலோ வெளிப்பெட்டியிலோ அவற்றை இட்டு, மடிக்கும் வரிசையை விளக்கும் சிறு தாளொன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். மேற்பார்வையில் மட்டுமே பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தால், அதை 506ஆம் புலத்தில் பதியுங்கள்.